பெயரேட்டில் இல்லாத பாட்டனார்

பத்துமலைக் குகைக் கோயிலுக்கு ஏறும் படிகள் எத்தனை என்று கோலாலம்பூர்ச் சிறுவன் ஒருவனைக் கேட்டாலும் 272 என்று தடையின்றிச் சொல்வான். அக்கோயிலை 1891ஆம் ஆண்டளவில் அமைத்தவர் தம்புசாமிப் பிள்ளை என்பதும், 1892 முதல் அங்குத் தைப்பூசம் நடந்து வருகின்றது என்பதும், 2006ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற முருகன் உருவம் 140 அடி உயரமுடையது என்பதும் பலரும் அறிந்த செய்திகள். ஆயின், அப்படிகளில் ஏறிச் செல்லும் பெருங்கூட்டத்தில் ஒருவரை நிறுத்தி, "ஐயா! தங்கள் பாட்டனார் எந்த ஆண்டில், எந்தத் துறையில் கப்பலினின்றும் இறங்கினார்? பெரும்போர்க் காலத்தில் அவர் எங்கிருந்தார்?" என்று வினவினால் விடை பகர்வார் எத்துணைப் பேர்? சிலையின் உயரத்தை அடிக்கணக்கில் அறிந்த நாம், நம்மை ஈன்ற குடியின் வயதை அறியோம். இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடல் ஆகாது. தன் பாட்டனை அறியாத சமூகம் தன் உரிமையையும் அறியாது. உரிமையறியாத சமூகத்தாரைப் பிறர் பெயரிட்டு அழையார். தோட்டத்துக் கணக்கிலே எண்ணியதுபோல, இத்தனை "ஆள்" என்று எண்ணி விடுவர்.

ஈண்டு நாம் நினைவுகூர முற்படும் பாட்டனார் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவர் அல்லர். இளமையில் தமிழ்நாட்டை விட்டுக் கடல் கடந்து, மலாயாவின் இரப்பர்க் காடுகளிலும் இரயில் பாதைகளிலும் உழைத்து, 1941 முதல் 1945 வரை நிகழ்ந்த கொடும் போரிலே சிக்கி, அதனினின்றும் மீண்டு, முதுமை எய்தி, பேரர் முகம் கண்டு மறைந்த ஒரு தலைமுறையே இங்குப் பாட்டனார் எனப்படுகின்றது. கிள்ளான், செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலை ஆகிய இடங்களில் வாழும் தமிழர் குடும்பங்களுள் அத்தலைமுறையின் தடம் இல்லாத குடும்பம் அரிது.

வந்த வழி

ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் சட்டத்தால் நிறுத்தப்பெற்றது. அதன்பின் ஓங்கி நின்றது கங்காணி முறை. தோட்டத்திலே வேலை செய்த ஒருவன், துரையினிடம் உரிமைச் சீட்டும் பணமும் பெற்றுத் தன் ஊருக்குச் சென்று, உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டி அழைத்து வருவான். கப்பற் கட்டணத்தை 1907ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பெற்ற தமிழர் குடியேற்ற நிதி ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் சோதிக்கப்பட்டுக் கப்பலேறினர். இறங்கிய பின்னரும் உடனே நாட்டிற்குள் விடமாட்டார்கள். பினாங்கை அடுத்த ஜெரஜா தீவிலோ, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலோ, நோய்த் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து, பின்னரே தோட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டார்கள்.

ஊரிலே பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களைத் துரத்தின. மலாயாவைப் பற்றிய ஆசை வார்த்தைகள் அவர்களை ஈர்த்தன. வந்தோருள் ஒடுக்கப்பட்ட குலத்தார் பலர். கடலைக் கடந்ததனால் சாதி ஒழிந்துவிட்டதோ எனின், இல்லை. லயத்து வீடுகளிலும் கோயில் வாசலிலும் அதுவும் உடன் வந்து குடியேறிற்று.

விடியுமுன் தப்பு அடிக்கப்படும். தொழிலாளர் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பர். கிராணி செக்ரோல் ஏட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். அந்த ஏட்டில் இருந்த பெயரே அம்மனிதனுக்கு அந்நாட்டில் இருந்த ஒரே பெயர். அதற்கு நேரே குறிக்கப்பட்டது அவன் வயதோ, ஊரோ, கல்வியோ அன்று; அன்றைய வேலையும் கூலியுமே. 1928ஆம் ஆண்டளவில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வரையறுக்கப்பட்டிருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தவுடன் 1930ஆம் ஆண்டில் அக்கூலி குறைக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் திரும்பவும் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். இரப்பர் விலை ஏறினால் வா என்பது, இறங்கினால் போ என்பது: மனிதனை அங்காடிச் சரக்காக மதித்த காலம் அது. கூலிக் குறைப்பைக் குறித்த பூசலின் முடிவில், 1938ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள், இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவிப் பயணத்தால் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. அன்று முதல் மலாயாத் தமிழன் வந்து போகின்றவனாக இராமல், இருந்து வாழ்கின்றவனாக மாறத் தொடங்கினான்.

மிதிவண்டியும் மானமும்

பாட்டனார் போர்வீரராவதற்கு முன்னரே ஒரு போரிலே கலந்துகொண்டார் என்பதைப் பலர் மறந்து விட்டனர். அது 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் நிகழ்ந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதனை முன்னின்று நடத்தியோருள் தலையாயவர் ஆர். எச். நாதன் என்பவர், "தமிழ் நேசன்" இதழில் துணையாசிரியராக இருந்தவர்.

அத்தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர் பெறும் கூலியைத் தமிழரும் பெறவேண்டும் என்றனர். கள்ளுக் கடைகளை மூடவேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்றனர். பெண்களிடம் முறைகேடாக நடக்கும் மேலாட்கள் நீக்கப்படவேண்டும் என்றனர். இவையெல்லாவற்றோடும், துரையும் கிராணியும் எதிர்ப்படும்போது மிதிவண்டியினின்றும் இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர்.

இந்த இறுதிக் கோரிக்கையைக் கூர்ந்து நோக்குக. அதனால் ஒரு காசும் கூலி உயராது. ஒரு படி அரிசியும் மிகுதியாய்க் கிடையாது. எனினும் அதற்காகவும் அவர்கள் பட்டினி கிடந்தனர். தம் உழைப்பால் வாங்கிய வண்டியிலே தாம் அமர்ந்து செல்லும் உரிமையை அவர்கள் கேட்டனர். தன்மதிப்பு என்னும் சொல்லை மேடையிலே கேளாதாரும் அதன் பொருளை அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ.வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து ஊர்தோறும் பேசிச் சென்றதும், 1930ஆம் ஆண்டுக்குப்பின் சீர்திருத்தச் சங்கங்களும் தமிழ் ஏடுகளும் தோன்றியதும் வீண்போகவில்லை.

அரசாங்கம் மே மாதத்தில் நாதனைச் சிறைப்படுத்திப் பின்னர் நாடு கடத்தியது. படையினர் வரவழைக்கப்பட்டனர், தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். அவ்வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. ஏழு திங்கள் கழிந்ததும், ஒடுக்கியவர்களே ஓடும் காலம் வந்தது.

இரு பாதைகள்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவின் வடகிழக்குக் கரையில் இறங்கியது. 1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் அடிபணிந்தது. துரைமார் போயினர், இரப்பர் வாங்குவார் இல்லை, அரிசி வருகை நின்றது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அந்நிலையில் தோட்டத்துத் தமிழனுக்கு முன்னே இரண்டு பாதைகள் திறந்தன. ஒன்று இந்திய தேசிய ராணுவத்துக்குச் சென்றது. மற்றொன்று சயாம் நாட்டுக் காட்டிற்குச் சென்றது.

முதற்பாதையை முதலிற் காண்போம். 1942ஆம் ஆண்டில் மோகன் சிங் தலைமையில் தோன்றிக் குலைந்த இந்திய தேசிய ராணுவம், 1943 சூலை மாதம் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் புத்துயிர் பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் தற்காலிகச் சுதந்திர அரசாங்கம் அறிவிக்கப்பட்டது. அதுவரையில் துப்பாக்கியைத் தொட்டறியாத பால்மரத் தொழிலாளர் பல்லாயிரவர் படையிற் சேர்ந்தனர். பெண்களும் பின்னிடவில்லை. டாக்டர் இலட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில், தோட்டத்துப் பெண்களும் கோலாலம்பூரின் செல்வக் குடியிற் பிறந்த ஜானகியும் ஒரே சீருடையில் நின்றனர். 1925ஆம் ஆண்டிற் பிறந்த அந்த ஜானகியே பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று பெயர்பெற்று, 2014ஆம் ஆண்டுவரை வாழ்ந்தவர்.

அப்படையிலே பாட்டனார் பெற்றது யாது? வங்கத்தையும் பஞ்சாபையும் அவர் கண்டதில்லை. ஆனால் அங்குச் சாதி, மதம் பாராது ஒரே அடுக்களையில் சமைத்த உணவை ஒரே வரிசையில் அமர்ந்து உண்டார். சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலுக்குப் போஸ் அழைக்கப்பட்டபோது, எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உடன்வர இசைந்தாலன்றித் தாம் வருவதற்கில்லை என்று மறுத்தார் என்றும், அவ்வாறே யாவரும் உள்ளே சென்றனர் என்றும் உடனிருந்தோர் எழுதியிருக்கின்றனர். பெரட்டுக் களத்திலே தலைகுனிந்து நின்ற கால்கள் அணிவகுப்பிலே நிமிர்ந்து நடந்தன. 1944ஆம் ஆண்டு இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. மழையும் பசியும் காய்ச்சலும் குண்டுகளைவிட மிகுதியாக உயிர் கவர்ந்தன. 1945 மே மாதத்தில் இரங்கூன் பிரிட்டிஷாரிடம் வீழ்ந்தது. போர் என்னும் நோக்கால் அது தோல்வியே. ஆனால், நிமிர்ந்து பழகிய முதுகு மீண்டும் எளிதிற் குனியவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி, இரண்டாம் பாதை. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை ஒன்றைக் காட்டினூடே அமைத்தனர். 1942ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய அவ்வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாக்காக் கிளைப்பாதையிலும் கிழக்குக் கரைப் பாதையிலும் கிடந்த தண்டவாளங்களைப் பெயர்த்து அங்குக் கொண்டு சென்றனர். தண்டவாளத்தைப் பெயர்த்தது போலவே மனிதரையும் பெயர்த்தனர். 1943ஆம் ஆண்டில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக ஆட்கள் சேர்க்கப்பட்டனர். முதலில் நல்ல கூலி என்றார்கள். சில திங்களில் திரும்பலாம் என்றார்கள். ஆள் போதாதபோது வலிந்து பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாக அழைத்துக் கதவை அடைத்து வண்டியேற்றினர் என்று மீண்டுவந்தோர் பலர் கூறினர். மலாயாவிலிருந்து சென்றோர் தொகை 75,000 அளவில் மதிக்கப்படுகின்றது. அவருட் பெரும்பாலோர் தமிழர். காலராவும், புண்ணும், பட்டினியும் அவரை வாரிக்கொண்டன. மாண்டோர் எத்துணையர் என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. மிகக் குறைந்த மதிப்பீடும் கால் லட்சத்துக்கு மேற்பட்டதே.

1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலே மலாயா இந்தியர் தொகை 6,20,000க்கு மேற்பட்டிருந்தது. 1947ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அது 6,00,000க்குச் சற்றுக் கீழே இறங்கிக் கிடந்தது. வீழ்ச்சிக் காலத்திலே திருப்பியனுப்பப்பட்டதும், 1938ஆம் ஆண்டுத் தடையும் இக்குறைவுக்குக் காரணங்களே. ஆனால், அக்கணக்கில் இரயில் பாதையின் பங்கும் உண்டு. எந்த ஏட்டிலும் எழுதப்படாத சாவு, குடிமதிப்பில் ஒரு குறைவாகத் தோன்றி மறைந்தது.

இவ்விரு பாதைகளையும் இணைத்துப் பார்க்க நம்மவர் அஞ்சுகின்றனர். அஞ்சுவதற்குக் காரணமும் உண்டு. தமிழனைக் காட்டிலே பிணமாக்கிய ஜப்பானியரே, விடுதலைப் படைக்குத் துணைநின்ற ஜப்பானியர். அண்ணன் சீருடை அணிந்து ஒரு கொடிக்கு வணக்கம் செலுத்திய காலத்தில், தம்பி கோவணத்தோடு சிலிப்பர் கட்டை சுமந்தான். இரயில் பாதைக்குப் பிடிபடாதிருக்கும் பொருட்டே படையிற் சேர்ந்தாரும் உளர். வரலாறு கசப்பானது என்பதனால் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவது நேர்மையாகாது. விடுதலை வேட்கையும் மெய். அதன் தோழன் செய்த கொடுமையும் மெய். இரண்டையும் ஒரு தலைமுறையே தாங்கிற்று.

மீண்ட பின்னர்

நம் பாட்டனார் வரலாற்றை மூன்றரை ஆண்டுப் போரோடு முடித்துவிடுவது வழக்கமாகி விட்டது. எண்பது ஆண்டு வாழ்ந்தவருக்கு மூன்றரை ஆண்டு மட்டுமோ வாழ்வு? போருக்குப் பின்னர் அவர் செய்தவையே நமக்கு மிகவும் பயன்பட்டவை.

தோட்டத்திற்குத் திரும்பிய படைவீரர், பழைய முறையில் பெரட்டில் நிற்க ஒப்பவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் தொழிற்சங்கங்கள் காட்டுத் தீயெனப் பரவின. கெடா நாட்டில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படை ஒன்றைத் திரட்டினார். இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பு முறையைக் கைக்கொண்ட அப்படை, துப்பாக்கியை அன்றி ஒழுக்கத்தைக் கருவியாகக் கொண்டு கள்ளுக் கடைகளின்மீது மறியற்போர் நடத்தியது. 1941இல் கிள்ளானில் எழுந்த கோரிக்கை 1947இல் கெடாவில் அணிவகுத்து நின்றது எனலாம். அதுவும் அடக்கப்பட்டது.

தஞ்சைப் பகுதியிற் பிறந்து இளமையிலே சிங்கப்பூருக்கு வந்து, இந்திய தேசிய ராணுவத்திற் பணியாற்றியவர் எஸ். ஏ. கணபதி. அவர் போருக்குப்பின் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1948 சூனில் அவசரகாலம் பிறந்தது; அச்சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. 1949ஆம் ஆண்டு ரவாங்கை அடுத்துத் துப்பாக்கியோடு பிடிபட்டார் என்று குற்றஞ்சாட்டப்பெற்று, மே 4ஆம் நாள் கோலாலம்பூர்ப் புடு சிறையிலே தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கத்தின் வேண்டுகோளும் பயன்படவில்லை. அவரது கொள்கையை ஏற்பார் ஏற்கட்டும், மறுப்பார் மறுக்கட்டும். நெடுவாழ்வு என்பது அத்தலைமுறைக்கு இயல்பாகக் கிடைத்த பேறு அன்று என்பதை அவர் முடிவு காட்டும்.

நெடிது வாழ்ந்தோரோ, ஆரவாரமின்றி நாட்டைக் கட்டினர். 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. அதற்குச் சந்தா செலுத்தினர். 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. அவருட் பலர் குடியுரிமை பெற்றனர். வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, 1960ஆம் ஆண்டில் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகத் தவணை கட்டி அதிலே பங்கு வாங்கினர் தொழிலாளர். ஆளாக எண்ணப்பட்டவன் தோட்டத்தின் உடைமையாளனாகவும் ஆகலாம் என்பதை அச்சங்கம் காட்டிற்று. பாட்டனார் நமக்கு வைத்துச்சென்ற சொத்து இதுவே: எழுத்தறியாதவர் கட்டிய சந்தாவில் எழுந்த சங்கம், எழுத்தறியாதவர் வற்புறுத்தலால் நிலைத்த தமிழ்ப் பள்ளி.

தாளும் உரிமையும்

இனி, தாளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பாட்டனார் பெயரைப் பிறர் நான்கு ஏடுகளில் எழுதினர். கங்காணி, கடனுக்காக எழுதினான். கிராணி, கூலிக்காக எழுதினார். ஜப்பானியர், கட்டை சுமப்பதற்காக எழுதினர். அவ்வேடும் பெரும்பாலும் அழிந்தது. 1948ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் யாவருக்கும் அடையாள அட்டை வழங்கியபோது, காட்டிலே போராடியவரை நாட்டாரினின்றும் பிரித்தறிவதற்காக அரசாங்கம் எழுதிற்று. அவருக்காக எழுதப்பட்ட ஏடு ஒன்றும் இல்லை.

இதன் விளைவு பேரர் தலையிலே விடிந்தது. 1969ஆம் ஆண்டளவில் குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, தாள் இல்லாத பல்லாயிரவர் தாம் வாழ்நாளெல்லாம் உழைத்த நாட்டைவிட்டுக் கப்பலேறினர். தங்கியோருட் பலர் நிரந்தரவாசி என்னும் சிவப்பு அட்டையோடு முதுமை எய்தினர். அறுபது வயது கடந்த அத்தகைய இந்தியருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது 2018ஆம் ஆண்டிலேதான். தோட்டத்திற் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பதிவு செய்யாது விட்ட ஒரு நாளைய சோம்பல், மூன்று தலைமுறைக்குத் தளையாயிற்று.

போர்வீரர் என்னும் பட்டமும் தாளையே பற்றி நின்றது. இந்திய அரசாங்கம் 1972ஆம் ஆண்டில் விடுதலைப் போராட்ட வீரருக்கு ஓய்வூதியம் வகுத்து, இந்திய தேசிய ராணுவத்தாரையும் அதில் அடக்கிற்று. சான்று உள்ளவர் கேட்டனர். சான்று இழந்தவர் வாளாவிருந்தனர். இரயில் பாதையிற் சென்றவருக்கோ அத்தகைய பட்டமும் இல்லை. அப்பாதையிலே உழைத்த வெள்ளைப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். இறந்தோர் 12,000க்கு மேற்பட்டோர். சயாம் காஞ்சனபுரியில் அவருக்கு அமைந்த போர்க்கல்லறைத் தோட்டத்திலே ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன; அடையாளம் காணப்பட்டோர் அனைவருக்கும் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளருக்கு அத்தகைய வரிசையும் இல்லை, பெயரும் இல்லை. 1967ஆம் ஆண்டில் போர்க்கால இழப்பின் பொருட்டு ஜப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி பெறுமான உதவியாக இரு கப்பல்களை அளிக்க உடன்பட்டது. கப்பல் துறைமுகத்துக்கு வரும். லயத்து வாசலுக்கு வருமோ?

ஒருவர் இறந்தபின் பெயர் பெறுவதற்கும் சீருடை வேண்டும் என்றால், அந்நீதியை நாமும் ஏற்கவேண்டுமோ? துப்பாக்கி ஏந்தியவர் வீரர். தண்டவாளம் ஏந்தியவர் கூலி என்று பிரித்தது வெள்ளையர் ஏடு. அப்பிரிவினையை நம் வீட்டு நினைவிலும் நாமே போற்றிவருகின்றோம். படையிற் சேர்ந்த பாட்டனார் படம் கூடத்தில் மாலையோடு தொங்குகின்றது. சயாமுக்குப் போன பாட்டனார் பெயரோ, பாட்டியார் கண்ணீரோடு மறைந்துபோயிற்று. போர் இருவரையும் தின்றது. மீண்டோர் இருவரும் நம்மை வளர்த்தனர். இருவரையும் ஒரே வரிசையில் வைப்பதே நேர்மை.

செய்யத்தக்கது

இலக்கியத்தார் இக்கடமையை ஓரளவு உணர்ந்தனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆர். சண்முகம் 1993ஆம் ஆண்டில் "சயாம் மரண ரயில்" என்னும் நாவலை வெளியிட்டார். அ. ரெங்கசாமி இரயில் பாதையைக் குறித்து "நினைவுச் சின்னம்" என்றும், இந்திய தேசிய ராணுவத்தைக் குறித்து "இமயத் தியாகம்" என்றும் நாவல்கள் எழுதினார். இரு பாதைகளையும் ஒரு கை எழுதியமை நோக்கத்தக்கது. 2023ஆம் ஆண்டு மே முதல் நாள், காஞ்சனபுரியில், அங்கு மாண்ட தமிழர் நினைவாக நடுகல் ஒன்றும் நாட்டப்பெற்றது. களத்தில் வீழ்ந்தானுக்குக் கல் நடுவது தமிழர் பழைய மரபு. எண்பது ஆண்டு தாழ்ந்தேனும் அது நிறைவேறிற்று.

ஆனால், நாவலில் வருபவன் கதைமாந்தன். நடுகல்லுக்கு உரியவர் பெயர் அறியப்படாத பல்லாயிரவர். உம் பாட்டனாரின் பெயரை எழுதுதற்கு உரியவர் நீவிர் ஒருவரே. 1943ஆம் ஆண்டில் பத்து வயதுச் சிறுவராக இருந்தவரும் 2023ஆம் ஆண்டில் தொண்ணூறை எட்டிவிட்டனர். கண்ணாரக் கண்டவர் சிலரே எஞ்சியிருக்கின்றனர். அவர்களிடமிருந்து கேட்டவர், அஃதாவது நம் தந்தையரும் அத்தைமாரும், முதுமை எய்திவிட்டனர். அவர்களை அணுகிக் கேட்பதற்குப் பெரும் புலமை வேண்டா. பாட்டனாரின் ஊர் எது? அழைத்து வந்த கங்காணி யார்? முதலில் இறங்கிய தோட்டம் எது, அது இன்று எந்தக் குடியிருப்பாக மாறியிருக்கின்றது? போர்க் காலத்தில் எங்கே போனார், யாரோடு போனார், உடன் போனவருள் திரும்பாதவர் யாவர்? பாட்டியார் அக்காலத்தில் பிள்ளைகளை எங்ஙனம் காப்பாற்றினார்? இவ்வளவே வினாக்கள். இறுதி வினாவை மறவற்க. ஆடவர் போன பின்னர்த் தோட்டத்தைத் தாங்கியவர் பெண்டிரே. அவரைப் பற்றிக் கேட்டவர் மிகச் சிலர்.

பழைய கடவுச்சீட்டும், அடையாள அட்டையும், சங்கச் சந்தாச் சீட்டும், கிழிந்த புகைப்படமும் பெட்டியின் அடியிற் கிடக்கும். "தாத்தா போனபின் இவை எதற்கு?" என்று எரித்துவிடற்க. பள்ளிச் சேர்க்கை ஏடும், கோயில் நன்கொடைக் கல்லும்கூடச் சான்றாகும். 1957ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரிலே இருக்கின்றது. மன்னரும் அமைச்சரும் மட்டுமே அங்கு இடம்பெறத் தக்கவர் என்று எண்ண வேண்டா.

ஆண்டுதோறும் தெவசம் கொடுக்கின்றோம். புரோகிதருக்குக் காணிக்கை அளிக்கின்றோம். அவர் சொல்லும் மந்திரத்திலே பாட்டனார் பெயர் வருமிடத்து நம்மைப் பார்த்து, "பெயர் சொல்லுங்கள்" என்கின்றார். பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றோம். அன்றொரு நாள் அப்பெயரோடு அவர் வாழ்வையும் சேர்த்துச் சொல்லிப் பிள்ளைகள் கையால் எழுதச் செய்வோமாயின், அதனினும் சிறந்த நீத்தார் கடன் வேறில்லை. படையலைக் காக்கை உண்டு பறந்துவிடும். எழுத்தைப் பேரனும் கொள்ளுப்பேரனும் உண்பர்.

துரையும் கிராணியும் எதிர்ப்பட்டபோதும் மிதிவண்டியினின்றும் இறங்குவதற்கில்லை என்று 1941ஆம் ஆண்டில் உறுதிகொண்டவரின் வழிவந்தோர் நாம். அவர் எழுத்தறியாதவர், ஆதலால் எழுதவில்லை. நாம் எழுத்தறிந்தவர். எழுதாமைக்கு நமக்குக் காரணம் யாது?